பாதி வரியில் எழக்கூடாது

என் மகளுக்குப் பதினான்கு வயதானபோது, எட்டு வயதுக் குழந்தையின் பாவாடை அவள் இடுப்பில் நிற்காமல் நழுவியது. சாப்பிடாமல் இல்லை. போட்டதையெல்லாம் சாப்பிடுவாள். கால் மணி நேரம் சும்மா இருப்பாள். பிறகு வயிற்றை ஒருமுறை எக்குவாள், தொண்டை அசையும், தின்றது வாய்க்கு வரும். அதை மெல்லுவாள், பாதியை விழுங்குவாள், மீதி மோவாயில் வழியும். வாந்தி எடுப்பவர்கள் முகத்தில் ஒரு வேதனை இருக்குமே, அது அவளிடம் இருக்காது. இதை எழுத எனக்குக் கூசுகிறது. எழுதாமல் மேலே போகவும் முடியாது.

அவள் பேசமாட்டாள். எங்கள் முகத்தைப் பார்ப்பதும் குறைவு. நூல் தீர்ந்த தார்க்குச்சிகளைத் தரையில் வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். தறி ஓடும்போது தறிக்காலில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பாள். ஆட்டிசம் என்ற வார்த்தை ரொம்ப வருஷம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது. எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான். அதைத் தெருவில் எவனாவது சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வந்து என்ன பிரயோஜனம்?

நாங்கள் நெய்தது, கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக இருக்கும் முகூர்த்தப் பட்டு. அதற்கு ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று, ஆள் இரண்டு. நான் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வேன். மனைவி வலது பக்கம் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவைத் தள்ளுவாள். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் ஒரு வரி முடியும். பாதி வரியில் ஒருவர் எழுந்தால், கரையும் உடலும் சேருகிற இடத்தில் சந்து விழும். அதனால் எழக்கூடாது. இது என் அப்பா வைத்த சட்டம், நான் அதை இன்னும் இறுக்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வரியை முடித்துவிட்டுத்தான் என் மனைவி எழுவாள்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் விலக்கு. மகளுக்குச் சாப்பாடு மேலே வந்தால் எழலாம். இரக்கப்பட்டு இல்லை. ஒருமுறை அது பட்டில் தெறித்துவிட்டது. கல்யாணப் புடவையில் எச்சிலா என்று, நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அதைக் கையால்கூடத் தொடவில்லை. அன்றிலிருந்து, அவள் வயிறு எக்கும் சத்தம் கேட்டால் ஓடு என்று நானே கத்துவேன். மனைவி நாடாவைப் போட்டுவிட்டு ஓடுவாள். மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் வாய் கழுவி, முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இது நடக்கும்.

வயிறு கெட்டுவிட்டது என்று நினைத்தோம். சோற்றை நிறுத்திக் கஞ்சி கொடுத்தோம். கஞ்சியும் வந்தது. அதை இன்னும் தண்ணியாக்கினோம். களம்பூரில் ஒருவர் மந்திரித்துத் தாயத்து கட்டினார். தண்ணியாக ஆக, அது இன்னும் சுலபமாக மேலே வந்தது. புளித்த நீர் பட்டுப்பட்டு முன்பற்கள் கறுத்துத் தேய்ந்தன. டவுன் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் அடுத்த தீபாவளிக்கு இருக்கமாட்டாள் என்றார். நான் வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மனைவி நாடாவைத் தொடவில்லை.

"பொண்ணு செத்துகினு இருக்குது. நீங்க வரி எண்ணிகினு இருக்கீங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். மறுநாள் வேலூர் பஸ் ஏறினோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. மருந்து எதுவும் எழுதவில்லை. எங்களை ஒரு வாரம் தங்கச் சொல்லி, மகள் சாப்பிடுவதையும் பிறகு நடப்பதையும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசி நாள் என் மனைவியிடம் கேட்டார்.

"சாப்பாடு மேல வந்தா வீட்ல என்னம்மா பண்ணுவீங்க?"

"தறிய உட்டுட்டு ஓடுவேங்க. கழுவி, தொடச்சி, மடியில வெச்சிக்குவேன்."

"வராதப்ப?"

மனைவி என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவன் நான். வராதபோதெல்லாம் நாங்கள் தறியில் இருந்தோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் எப்படியோ தொற்றிக்கொள்ளும், அதில் அவர்களுக்கு ஒரு சுகமும் உண்டு என்றார். ஆனால் அம்மாவைத் தறியிலிருந்து எழுப்ப அவளுக்கு வேறு வழி எதையும் நாங்கள் விடவில்லை என்றார். இனிமேல் கஞ்சி வேண்டாம், கெட்டியாக வயிறு நிறையக் கொடுங்கள். சாப்பிட்டதும் அரைமணி நேரம் யாராவது கூடவே உட்காருங்கள். மேலே வந்தால் ஓடாதீர்கள், சத்தம் போடாமல் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம். யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கேழ்வரகுக் களி கிண்டினோம். வயிறு கெட்ட பிள்ளைக்குக் களியா என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஓடாமல் இருக்கும் வேலை மனைவிக்கு, உட்காரும் வேலை எனக்கு. எக்கும் சத்தம் கேட்டதும் அவள் முந்தானையைக் கடித்துக்கொள்வாள். நான் மகளின் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெல்லத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. சரியான பேஜார் என்றுதான் முதலில் நினைத்தேன். அரைமணி ஆனதும், வாயைத் திற என்பேன். திறப்பாள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தறிக்குப் போவேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஏழெட்டு என்பது நாலானது. ஆடி பிறப்பதற்குள் பாவாடை இடுப்பில் நின்றது.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு புடவை. சாயங்காலம் முதலாளி வீட்டில் கொடுத்தாக வேண்டும். மகள் களியைச் சாப்பிட்டு முடித்ததும் நான் நேராகத் தறியில் இறங்கினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மனைவி நாடாவை எடுத்தாள். பத்து வரி ஓடியிருக்கும். எக்கும் சத்தம் எப்போது வரும் என்று என் காது அங்கேயே இருந்தது.

சத்தம் வரவில்லை. அவளே வந்தாள். தறி ஓரத்தில் நின்று, என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்தாள். தேய்ந்த பற்கள், நாக்கு. வேறு ஒன்றும் இல்லை. திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றாள். கை இரண்டையும் முன்னால் நீட்டியிருந்தாள்.

என் கால் இன்னும் தறியின் மிதியில் இருந்தது.

"வரி முடியட்டும்னு பாக்கறீங்களா?" என்றாள் மனைவி.

நாடா பாவு நூல்களுக்கு நடுவில், பாதி வரியில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன்.