ஆர்தர் பிளெங்கினின் கலியாணப் பதிவு

அறுபத்தாறு வயதில் செல்வமலருக்கு ஒரேயொரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. தன் அப்பப்பா அப்பம்மாவை முறைப்படி கலியாணம் கட்டியவர் என்பதற்கு ஒரு கடதாசி வேண்டும்.

அப்பப்பா ஒரு வெள்ளைக்காரர். துரை அல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு ரயில் எஞ்சின் திருத்த யாழ்ப்பாணம் வந்த தொழிலாளி, ஆர்தர் பிளெங்கின். மூன்று பிள்ளைகள் பிறந்தபின், 1922இல், ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறியவர் வழியில் காய்ச்சலில் இறந்துபோனார் என்பது வீட்டுக் கதை. ஊர்க் கதை வேறு. தாலியுமில்லை, மோதிரமுமில்லை, வெள்ளைக்காரன் வைத்திருந்தவள் என்றார்கள். செல்வமலரின் இருபத்துமூன்றாவது வயதில் தேவதாசனுக்குப் பேசிய சம்பந்தம் அந்தக் கதையால்தான் முறிந்தது. தேவதாசன் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு செல்வமலர் ஒருவரையும் கட்டவில்லை. தேவதாசன் இப்போது டொரொன்டோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

"அந்தக் கடதாசியில ஒரு கொப்பி எடுத்து அவருக்கு அனுப்போணும். வேற ஒண்டும் எழுதத் தேவையில்லை," என்றார் தம்பியிடம்.

தம்பி டெனிஸ்டனுக்கு மொன்ட்ரியாலை அடுத்த லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. மனைவி செத்தபின் மொன்ட்ரியால்-நோரில் அக்காவோடுதான் இருக்கிறார். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அவர் கேட்டதை டெனிஸ்டனால் எப்படி மறுக்க முடியும்?

கலியாணம் நடந்ததாக வீட்டில் சொன்ன யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்கு எழுதினார். அந்த வருடங்களின் பதிவேடுகள் யுத்தகால ஷெல்லடியில் எரிந்துவிட்டன என்று பாதிரியார் பதில் போட்டார். அப்பப்பா முன்பு கலியாணம் கட்டாமல்தான் வந்தவர் என்றாவது காட்டலாமென்று, வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக் கணினியில் இங்கிலாந்தின் பழைய பதிவுகளைத் தேடத் தொடங்கினார். கையிலிருந்தது ரயில்வே கொடுத்த ஒரு கடிதம். ஊர் டார்லிங்டன், தகப்பன் ஜோசப், சுரங்கத் தொழிலாளி.

1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் ஆள் இருந்தார். வயது பதினைந்து, கொதிகலன் பட்டறையில் வேலை பழகுபவர்.

"அக்கா, ஆள் ஆப்பிட்டிட்டார்!" என்று நூலக வாசலில் நின்றே போன் எடுத்தார். அக்கா சிரித்த சத்தம் கேட்டு எவ்வளவு காலம்!

இரண்டு கிழமை கழித்து ஒரு கலியாணப் பதிவு கிடைத்தது. 1908, டார்லிங்டன். மாப்பிள்ளை ஆர்தர் பிளெங்கின், பெண் ஏடா. 1911 குடிசனக் கணக்கெடுப்பில் ஏடா இரண்டு வயது மகளோடு தனியே இருந்தாள், 'மணமானவர்' என்ற குறிப்போடு. இது வேறொரு ஆர்தர் என்று நம்ப டெனிஸ்டன் என்ன பாடுபட்டார்! தகப்பன் பெயர், தொழில், வயது எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஏடா இடையில் செத்திருக்கலாம் என்று மேலும் தேடினார். 1939ஆம் ஆண்டுக் குடிப்பதிவில் ஆர்தரும் ஏடாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பம்மா வெள்ளைச்சீலை கட்டி அது பதினேழாவது வருடம்.

ஒரு கிழமை மறைத்தார்.

"கிடைக்கேல்லை எண்டு பொய் சொல்லாதை. உன்ர முகத்தில தெரியுது," என்றார் அக்கா.

அச்செடுத்த தாள்களைச் சமையலறை மேசையில் வைத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டி வாசித்தார்.

"அந்தப் பிள்ளைக்கு மாகிறட் எண்டு பேர் வைச்சிருக்கிறார்."

"ஓம்."

"அப்பான்ர அக்கா, எங்கட பெரிய மாமியும் மாகிறட்தானே."

டெனிஸ்டன் அதைக் கவனித்திருக்கவில்லை. "கோயில்ல உண்மையாவே கட்டியிருக்கலாம் அக்கா. ஆருக்குத் தெரியும்?"

"கட்டியிருந்தாலும்? இந்த ஏடா அங்க உயிரோட இருக்கேக்க அது என்ன கலியாணம்?" தாள்களை நேராக அடுக்கித் தம்பி பக்கம் தள்ளினார். "சனம் சொன்னது சரி. தேவதாசன் வீட்டாக்கள் சொன்னதும் சரி. அப்ப நாப்பத்துமூண்டு வருஷமா நான் ஆரோடயடா கோவிச்சுக்கொண்டிருந்தனான்?"

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வான் வந்து நின்றபோது அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. டெனிஸ்டன் கெஞ்சி மன்றாடித்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். அந்தக் கதையை ஒருநாளும் எடுக்கவில்லை. பங்குனியில், ரோட்டோரப் பனி கறுத்துக் கிடந்த ஒரு காலையில், சிகிச்சை நாற்காலியிலேயே அவருடைய இருதயம் நின்றது.

வேறு சொந்தக்காரர் யாருக்காவது அறிவிக்க வேண்டுமா என்று தாதி பிரெஞ்சில் கேட்டார். டெனிஸ்டனுக்கு டார்லிங்டனும் டொரொன்டோவும் நினைவுக்கு வந்தன. ஒருவரும் இல்லை என்றார்.