மொட்டைமாடித் திராட்சைக்கு ஒரு ஆந்தைக் காவல்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். எங்களுக்கு மேலே மொட்டைமாடி. அங்கே என் மனைவி பழைய பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு திராட்சைக்கொடி நட்டு, கம்பியில் பந்தலும் போட்டிருந்தாள். வெகுநாள் இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடையில் திடீரென்று காய்த்தது.

காய் கறுக்க ஆரம்பித்ததும் எலிகள் வந்தன. கேபிள் ஒயர் மேல் நடந்து வந்து, பழுத்ததை மட்டும் பொறுக்கித் தின்று, தோலைத் துப்பிவிட்டுப் போயின. தின்றதைக்கூட என் மனைவி மன்னித்திருப்பாள். தோலைத் துப்பியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாமளே தோலோடதான் சாப்பிடறோம்," என்றாள்.

பொறி வைத்தேன். அதிலிருந்த மசால்வடையும் காணாமல் போனது. அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டிலோ திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் மரப்பெட்டி செய்து கம்பத்தில் மாட்டுகிறார்கள். ஆந்தை வந்து குடியேறி எலிகளைப் பிடித்துத் தின்கிறது. செலவில்லாத காவல். நான் கீழே போய் மாமியிடம் அனுமதி கேட்டேன்.

"ஆந்தையா? அது வீட்டு மேல உக்காந்து அலறினா ஆத்துக்கு ஆகாது. இவர் பெட்டி பண்ணி அழைச்சுண்டு வரப் போறாராம்."

"மகாலட்சுமியோட வாகனம் மாமி."

"அதெல்லாம் வடக்கே. நம்மூர்ல லட்சுமி தாமரைலதான் உக்காந்துண்டிருக்கா."

கடைசியில், தன் காய்ந்த வத்தலையும் எலிகள் விட்டுவைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து, அரை மனதாகத் தலையசைத்தார்.

பழைய பரண் கதவை அறுத்துப் பெட்டி செய்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டினேன். விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் செத்துவிடும் என்பதால், வீட்டில் எலி மருந்துக்குத் தடை போட்டேன். ஆந்தை வரவில்லை. எலிகள் நன்றாகக் கொழுத்தன. அந்த வருடப் பழம் முழுக்க அவற்றுக்கே போயிற்று. நான் மட்டும் பொழுது சாயும் நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்திருப்பேன்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. பிறகு நானும் போவதை விட்டுவிட்டேன்.

கொடி மறுபடி காய்த்திருந்தபோது, ஒரு சாயங்காலம் மாமி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"உஸ்ஸுனு சத்தம் வர்றது. எங்காத்து சிலிண்டரை மூடிட்டேன். உங்காத்துலதான் கேஸ் லீக் ஆறது."

கேஸ் மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் டியூபெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவர், போன வேகத்தில் இறங்கி வந்தார்.

"கேஸ் இல்ல சார். மேல பொட்டிக்குள்ள பாம்பு கீது. சீறிக்கினே கீது."

அவரும் மாமியும் தெருவுக்குப் போய்விட்டார்கள். நானும் போயிருப்பேன். ஆனால் மனைவி துணி உலர்த்தும் கோலை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நான் தோசைக்கரண்டியோடு பின்னால் போனேன். அவள் பெட்டியை லேசாகத் தட்டினாள்.

ஓட்டை வழியாக, நெடுக்காக வெட்டிய ஆப்பிள் மாதிரி ஒரு வெள்ளை முகம் வந்து எங்களைப் பார்த்தது. காலிங்பெல் அடித்த சேல்ஸ்மேனைப் பார்க்கிற பார்வை. பிறகு சத்தமே இல்லாமல் பறந்துபோனது. தொட்டித் திண்டில் ஏறி எட்டிப் பார்த்தோம். உள்ளே பஞ்சு மூட்டைக்கு மூக்கு வைத்தது போல குஞ்சுகள். எல்லாம் சேர்ந்து எங்களைப் பார்த்துச் சீறின.

"இன்னா சார், பாம்பா?" என்றார் மெக்கானிக் கீழேயிருந்து.

"ஆந்தைக் குஞ்சு."

"பாம்புன்னாகூட பரவால்ல சார்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மாமி மெதுவாக மேலே வந்தார். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை குழந்தைகள்?"

"நாலு இருக்கும் மாமி."

"பிரசவமான இடம். இனிமே யாரும் இங்க வந்து தொந்தரவு பண்ணப்படாது."

மறுநாள் மொட்டைமாடிச் சாவி மாமியின் இடுப்புக்குப் போய்விட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட என் மனைவி அனுமதி கேட்டுத்தான் போனாள், அதுவும் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு.

எலிகள் நிஜமாகவே குறைந்தன. பெட்டிக்குக் கீழே மயிரும் எலும்புமாக ஆந்தை கக்கிய சாம்பல் நிற உருண்டைகள் விழுந்து கிடந்தன. பழங்கள் பழுத்தன. அணில்கள் வந்தன. பட்டப்பகலில், ஆந்தைப் பெட்டியின் கூரை மேலேயே உட்கார்ந்து திராட்சை உரித்துத் தின்றன. காவல்காரர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். நான் மாமியிடம் புலம்பினேன்.

"ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டுத் தூங்கறது. அதைப் போய் எழுப்புவாளோ?" என்றார்.

எங்களுக்கு ஒரு டிபன் டப்பா நிறையப் பழம் கிடைத்தது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. மாமி அதை வாங்கிப்போய்த் தொக்கு கிளறினார். பாதி எங்களுக்கு என்றார்.

அதை வாங்கப் போனபோது மாமி போனில் உறவுக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "மாடில இருக்கறவாளா? ரொம்ப நல்ல மாதிரி. பகல்ல இருக்கற இடமே தெரியாது. நாலு குழந்தைகள், எல்லாம் சமத்து."

என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். எங்களுக்கு ஒரே பெண்தான், அவளும் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.