போத்தலில் மணத்த கீழ்க்காய்நெல்லி

1. வரிசை சிரித்த நாள்

மரியதாஸ் என் யன்னலுக்கு முதன்முதலாக வந்த அன்று, அவரை வைத்து ஒரு வரிசையையே நான் சிரிக்கவைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில், யன்னலுக்குள் நின்று மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் நான். தண்ணீர் மருந்து வாங்க வருகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல், தேன் போத்தல், சோஸ் போத்தல் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஊற்றியிருக்கிறேன்.

மரியதாஸ் துறைமுக இழுவைப் படகில் எஞ்சின்காரர். ஈரலில் புற்றுநோய். கொழும்பிலிருந்து வந்த இளம் டொக்டர் ஒருவர், வியாழக்கிழமைகளில் இரண்டு மருந்தைச் சேர்த்து அவருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஊசியை விட்டால் மரியதாசுக்கு வேறு வழி இல்லை. வாந்திக்கு மருந்து வாங்கத்தான் என்னிடம் வந்தார்.

"ஐயா, ஈரலுக்கு நல்லதெண்டு சொல்லுகினம், ஊசியோட கீழ்க்காய்நெல்லிச் சாறும் குடிக்கலாமோ?"

"ஏன், பின்னேரத்தில புண்ணாக்கும் கரைச்சுக் குடியுங்கோவன்!"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார், பாவம். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த போத்தலை வாங்கினேன். மடையன்.

2. குழாயடி

மூன்றாம் வாரம் அவருடைய போத்தலைத் திறந்தால் குப்பென்று பச்சிலை நெடி.

"கழுவாத போத்தலோட இஞ்ச வராதேங்கோ!" என்று குழாயடிக்குத் துரத்தினேன். என்ன குடிக்கிறார் என்று கேட்கவில்லை. போத்தல் சுத்தமாக இருந்தால் என் உத்தியோகம் முடிந்தது.

சனிக்கிழமை தோறும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு கிடப்பார். டொக்டர் சேலைன் ஏற்றுவார். நாலாம் சனிக்கிழமை அவருடைய வைத்தியக் குறிப்பு டிக்கற்றில் எழுதிவிட்டார்: ஈரல் மருந்தைத் தாங்கவில்லை, ஊசியை நிறுத்தவும்.

3. வியாழன், வெள்ளி, சனி

ஊசி நின்று ஐந்தாம் வாரம், அவர் மனைவி பிலோமினா யன்னலில் வந்து நின்று அழுதார்.

"டொக்டரிட்டைச் சொல்லி ஊசியைத் திரும்பப் போடுவியுங்கோ ஐயா. பரியாரியார்ர பேதியை இந்த முறை கொஞ்சமாக் குடுக்கிறன்."

"என்ன பேதி?"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியில், நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியார். தினமும் கீழ்க்காய்நெல்லிச் சாறு, வெள்ளிக்கிழமையில் பேதி மருந்து. வியாழன் ஊசி, வெள்ளி பேதி, சனி சேலைன்! ஆளை வறட்டிப் போட்டது ஊசி இல்லை, பேதி. நாங்கள் படித்தவர்கள் ஒருவருக்கும் இது விளங்கவில்லை.

டொக்டரிடம் ஓடினேன்.

"பச்சிலைக்காரரோட எனக்கென்ன கதை?" என்றார் அவர்.

"நீங்கள் ஏத்திற ஊசியில ஒண்டு நித்தியகல்யாணியில எடுத்ததெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது வேறை."

வேறுதான். சுத்தமாக்கி, அளந்து வருவது அது. அதை மறுக்க நான் ஆளில்லை. ஆனாலும் செடி சீமைக்குப் போய்க் கப்பலில் திரும்பினால் மருந்து, மூதூர் லோஞ்சுப் படகில் வந்தால் குப்பை என்பது என்ன படிப்போ!

பரியாரியாருக்கு ஊசி விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே யன்னலுக்கு வந்து என்மேல் பாய்ந்தார்.

"ஊசி ஏத்துகினமெண்டு ஆர் எனக்குச் சொன்னது? தெரிஞ்சா பேதி குடுப்பனோ? விசரோ எனக்கு?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"இங்கிலீசு மருந்து எடுக்கிறவன் என்னட்டை என்னத்துக்கு வாறான் எண்டிருந்தனான்."

எங்களுக்கு இருந்த அதே தலைக்கனம் அவருக்கும். இரண்டு வைத்தியமும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அந்த மனிதரின் ஈரல்.

பேதி நின்றது. டொக்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஊசி ஏற்றினார். அடுத்த சனிக்கிழமை மரியதாசை யாரும் தூக்கி வரவில்லை. தானே நடந்து வந்து தண்ணீர் மருந்து வாங்கினார். ஆனால் வீணாய்ப் போன வாரங்களில் கட்டி பெருத்துவிட்டது. இரண்டு ஊசிக்குப் பிறகு டொக்டர், "இனி ஏலாது" என்றார். அந்த மாதமே மரியதாஸ் போய்விட்டார்.

ஒழுங்காக ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அது பொல்லாத நோய். தெரிந்துகொள்ளவே முடியாமல் பண்ணியவர்கள் நாங்கள்.

அடக்கம் முடிந்து, மிச்ச மருந்தைத் திருப்பித்தர பிலோமினா வந்தார். அப்போதும் என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"அவர் முதல்நாளே கேட்டவரெல்லோ ஐயா," என்றார். "நீங்கள் சிரிச்சனீங்கள்."

மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் இப்போது நிற்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, அதன்பின் பென்சன் எடுக்கும்வரை ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "வேறென்ன குடிக்கிறீங்கள்?" ஆட்டுமூத்திரம் என்று சொன்னாலும் டிக்கற்றில் எழுதினேன். சிரிக்கவில்லை.