பஞ்சநாதன் வைத்த சம்பங்கி

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் பஞ்சநாதனைப் போல இன்னொரு ஆள் கிடையாது. மழைத்தண்ணீர் வடிந்ததும் களிமண்ணைக் குழைத்து, குதிகாலால் இடம் விடாமல் மிதித்து மிதித்துத் தரையைப் பலகையாக்கிவிடுவான். அவன் மிதித்த பாத்தியில் ஒரு சொட்டு கீழே இறங்காது. வெயில்தான் குடித்துத் தீர்க்கணும். ஐம்பது வயதுவரை அவனுக்குத் தெரிந்த மண் வேலை அது ஒன்றுதான். செடி என்று எதையும் அவன் வைத்ததில்லை.

பெண்டாட்டி ஞானாம்பாள் பெருமுக்கல்காரி. மலையடிவாரத்தில் பூ பயிர் செய்கிற குடும்பம். கட்டிக்கொண்டு வந்த நாளாக, வீட்டோரம் ஒரு பூச்செடி வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உப்புக் காத்துல இன்னா மொளைக்கும்? போய் வேலையப் பாரு" என்று வாயை அடைத்துவிடுவான்.

பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் வளர்வது என்று ஒன்றுமே இல்லை, ஒரு கோழிகூட.

சுனாமி வந்துபோன மறு ஆடியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரியில் பார்த்தார்கள். முற்றிப்போச்சு, வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்புகிற பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டியது. அப்போது அவள் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. நம்ம வூட்டு மண்ணுல பூத்த பூ ஒண்ணு. போறதுக்குள்ள அத பாத்துட்டா போதும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மல்லிக் கன்னு வாங்கியாறேன்."

"மல்லி பூக்க அடுத்த வருசம் ஆவும். அதுக்கு நானு இருக்கணுமே" என்று சிரித்தாள். "தம்பிகிட்ட சம்பங்கிக் கெழங்கு கேளுங்க. மூணு மாசத்துல தண்டு வுட்டுரும்."

மறுநாளே பெருமுக்கலுக்குப் போனான். மச்சான் தட்சணாமூர்த்தி ஒரு கோணிப்பை நிறையக் கிழங்கு கட்டிக்கொடுத்தான். பார்க்க வெங்காயம் மாதிரி இருந்தது.

"மாமா, நீ வச்சா இதுல உப்புதான் வெளையும். நானே வந்து மண்ண பதம் பண்ணித் தரேன்."

"மண்ண பத்தி எனக்கு நீ சொல்றியாடா?" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

வந்தவன் வீட்டோரக் களிமண்ணைக் கொத்தினான். கல்லைப் பொறுக்கினான். தண்ணீர் விட்டுக் குழைத்தான். பிறகு மிதித்தான். இரண்டு நாள் விடாமல் மிதித்தான். நாலு பக்கமும் கரை கட்டி, கிழங்கை வரிசையாக அழுத்தி, தெருக்குழாயில் பிடித்த நல்ல தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினான். தண்ணீர் அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டுச் சவரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் உப்பு வாருகிறவள்தான். குனிந்து பார்த்துவிட்டு, "காலைல ஊத்துனதாண்ணா? கண்ணாடி மாதிரி நிக்குது! கை வச்சா கை வச்சதுதான்" என்றாள். தெருவே வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனது. எல்லாரும் உப்பளத்துக்காரர்கள். தப்பு என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

உள்ளே கட்டிலில் கிடந்தவள் தினமும் கேட்டாள். "மொளை வந்துச்சா?"

"வரும், வரும்."

ஆவணி போய்விட்டது. ஒருநாள் தன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னாள். தூக்கிப்போனான். கனமே இல்லை. பாத்தியை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, பூ வைக்கச் சொன்னா உப்பளம் கட்டி வச்சிருக்கீங்களே! கெழங்கு மூச்சு வுட வேணாமா? ஒண்ணத் தோண்டுங்க பாப்போம்."

தோண்டினான். கையில் கூழாக வந்தது. நாற்றம் குமட்டியது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். பஞ்சநாதன் அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

"சரி வுடுங்க. கழுவிட்டு வாங்க. இன்னொரு தபா வைக்கலாம்" என்றாள். போன கிழங்கோடு போன நாளைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

தட்சணாமூர்த்தி டெம்போவில் செம்மண்ணும் புதுக் கிழங்கும் கொண்டுவந்தான். கட்டிலை வாசலில் போட்டார்கள். அதில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

"மேடா அணைங்க. தண்ணி வடியணும். அய்ய, காலால வேணாம்! கையால. மெதுவா. மொளை இருக்கற பக்கம் மேல. மூடுங்க, அமுக்காதீங்க. கொழந்தைக்குத் துணி போத்துற மாதிரி."

"நீ எந்தக் கொழந்தைக்குடி போத்துன?" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கோபப்படவில்லை. "உங்களுக்குத்தான். தெனமும் உதைச்சித் தள்ளிட்டுப் படுப்பீங்க" என்றாள்.

ஐப்பசியில் முளை வந்தது. அந்த வருஷம் மழை பேய் மழை. கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு நின்று, மேட்டோரம் தேங்குகிற தண்ணீரை வெட்டி வெட்டி வெளியே விட்டான். ஈரத்தோடு உள்ளே போய் அவளிடம் சொல்வான். "ஒரு சாண் வந்துட்டுது." "அரை முழம்." அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

மார்கழியில் ஒரே ஒரு செடி தண்டு விட்டது. ஜன்னலருகில் தூக்கி உட்காரவைத்துக் காட்டினான். பச்சை மொட்டு, சோளமணி மாதிரி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எப்ப பூக்கும்?" என்று அவளிடமே கேட்டான்.

"அடி மொட்டு வெளுக்கணும். அப்பறந்தான்."

முதலில் வைத்தது பிழைத்திருந்தால் இந்நேரம் அவள் பார்த்திருப்பாள். அவள் அதைச் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

சுனாமியில் போனவர்களுக்காகக் குப்பத்து ஜனம் கடற்கரையில் பால் ஊற்றிக்கொண்டிருந்த காலையில் ஞானாம்பாள் போய்ச் சேர்ந்தாள். மொட்டு அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

எடுக்கிற நேரத்தில் தட்சணாமூர்த்தி தண்டின் பக்கம் போனான். "மாமா, இத ஒடிச்சி அக்கா கையில வச்சி அனுப்பலாம்."

"தொட்டீனா உன் கைய ஒடிச்சிருவேன்" என்று கத்தினான் பஞ்சநாதன். "பூக்கலடா அது. பூக்காதத எப்பிடிடா அவகிட்ட தருவேன்?"

மார்க்கெட் மாலையோடுதான் அவள் போனாள்.

காரியம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் அடி மொட்டு வெளுத்துப் பிரிந்தது. குடத்தோடு நின்ற பஞ்சநாதன் அதைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தான். அவளிடம் சொல்ல விறுவிறு என்று வாசல்படிவரை போனான். கட்டில் சுவரில் சாத்தியிருந்தது.

கஞ்சி கொண்டுவந்த சவரியம்மாள் அவன் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள். வாசனை அவளுக்கும் எட்டியிருந்தது.

"பூத்துட்டுதாண்ணா! பறிச்சி அண்ணி படத்துக்கு வையி."

"நீயே பறி" என்றான். "எனக்குப் பறிக்கத் தெரியாது. வைக்கத்தான் சொல்லிக்குடுத்தா."