சோதனைப் பிரிவை மூடியவள்

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி இவற்றின் உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் கிடங்கு ஒன்றில் அவள் சரக்குப் பொறுப்பாளர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த பெல்ட் எந்த ரேக்கில் என்று கையை நீட்டி எடுத்துவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் வாசலில் உதறிவிட்டுப் போன செருப்பு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜோடி சேர்ந்து சுவரோரம் நிற்கும். "என்னிக்காவது ஒரு நாள் என்னையும் மடிச்சு அலமாரில வெச்சிடுவே" என்பார் அவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் போய் அவர்களை வெளியே எடுத்துவிட்டு வருகிறவர் என்பதால், வீட்டில் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

மின்சாதனம், கம்ப்யூட்டர், போன் பழுது பார்க்கிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. அவள் அதில் பல வருட உறுப்பினர். யாராவது ஒரு மோட்டாரின் படத்தைப் போட்டால் அதற்கு எந்த நம்பர் உதிரிபாகம் என்று உடனே சொல்லிவிடுவாள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அவள் வைத்துக்கொண்ட பெயர் 'அடுக்கு'. நாளடைவில் எல்லாருக்கும் அவள் அடுக்கக்கா ஆகிவிட்டாள்.

மன்றத்தை நடத்தியவர் வேறு ஊரில் பிரிண்டிங் கடை வைத்திருந்த ஒருவர். நல்ல மனிதர், ஆனால் யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். யாரோ கேட்டார்கள் என்று 'செல்போன்' என்று ஒரு பிரிவு தொடங்கினார். இன்னொருவர் கேட்டார் என்று 'மொபைல்'. தமிழில் வேண்டும் என்று ஒருவர் சண்டை பிடித்ததால் 'கைபேசி'. மூன்றிலும் ஒரே கேள்வியை ஒரே ஆள் கேட்டு, மூன்று இடத்தில் மூன்று விதமான பதில் வாங்கிக் குழம்பிப் போவார். பிரிண்டர் பற்றிய பேச்சு 'பிரிண்டர்' பிரிவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நடந்தது. அவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும்.

"நீங்களே பார்த்து ஒழுங்கு பண்ணிடுங்கக்கா. எனக்குப் பைத்தியம் பிடிக்குது" என்று ஒரு நாள் கடைக்காரர் நிர்வாகிப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்.

அவள் கேட்டு வாங்கிய வரம் போல அதைச் செய்தாள். மாலையில் வீடு வந்து டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒவ்வோர் உரையாடல் இழையாகப் படித்து, இது இங்கே, அது அங்கே என்று நகர்த்துவாள். எளிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்வெர்ட்டர் 'மின்சாரம்' பிரிவில் வருமா, 'பேட்டரி' பிரிவில் வருமா என்பதற்கே ஒரு வாரம் அடிதடி. கடைசியில் புலம்பல் எல்லாம் போய்ச் சேர்வதற்கென்றே 'யோசனைகள், குறைகள்' என்று ஓர் இழை தொடங்கினாள். அது புற்று மாதிரி வளர்ந்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தபோது, பட்டியலின் அடிமட்டத்தில் 'சோதனைப் பதிவுகள்' என்ற பிரிவு கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிப் பார்க்கவும் படம் ஏற்றிப் பார்க்கவும் எப்போதோ தொடங்கியது. உள்ளே போனால் புது ஆள் ஒருவர்கூட இல்லை. அதே ஆறு பழைய ஆட்கள். தினமும் காலையில் ஒருவர் 'சோதனை' என்று எழுதுவார். அடுத்தவர் 'சோதனை' என்பார். இப்படி ஆறு பேரும் எழுதி முடித்தால் அன்றைய கதை முடிந்தது. மறுநாள் மறுபடி. வருடக்கணக்காக, பக்கம் பக்கமாக, இதே ஒற்றைச் சொல்.

"வேலை வெட்டி இல்லாதவங்க" என்றாள் கணவரிடம்.

"உனக்கு ரேக்கு அடுக்குற மாதிரி, அவங்களுக்கு இது" என்றார் அவர்.

அந்த ஆறு பேரில் 'பழைய பேட்டரி' என்பவரும் ஒருவர். யு.பி.எஸ். பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மன்றத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. அவருக்குத் தனிச்செய்தி அனுப்பினாள்: இந்தப் பிரிவு புதியவர்களுக்கானது, தயவுசெய்து வெற்றுப் பதிவு போட வேண்டாம். 'பழக்கதோஷம்மா, ஒரு மூலையில கிடக்குறது யாருக்கு என்ன கெடுதல், விட்டுடுங்க' என்று பதில் வந்தது. இன்னொரு முறை எழுதினாள். அப்போதும் காரணம் எதுவும் சொல்லாமல், 'கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க' என்று மட்டும் எழுதினார். வீம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை புது அமைப்பு வெளிவந்தது. நாற்பதுக்கு மேல் இருந்த பிரிவுகள் பதினொன்றாகச் சுருங்கியிருந்தன. சோதனைப் பதிவுகள் பிரிவு இல்லை. அதிலிருந்ததையெல்லாம் பூட்டி, யார் கண்ணுக்கும் தெரியாத பழைய பதிவுகளின் பக்கத்தில் தள்ளியிருந்தாள். பாராட்டு வந்து குவிந்தது. குறைகளும் வந்தன. பழகும்வரை புலம்பத்தான் செய்வார்கள் என்று தெரிந்ததால், குறைகள் இழையை ஒரு வாரத்துக்குப் பூட்டிவைத்தாள். தனிச்செய்திப் பெட்டி நிரம்பி வழிந்தது. திறந்து பார்க்கவில்லை. நெடுநாள் கழித்து அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மதியம் கிடங்கில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண்.

"அடுக்குங்கிறது நீங்களா?" ஒரு பெண்குரல். வயதான குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நறுக்கென்று விழுந்தது.

"ஆமா. நீங்க?"

"டயல் டோன். மன்றத்துல அதான் என் பேரு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனவ. உங்க நம்பர பிரிண்டிங் கடைக்காரர் கொடுத்தார். நேத்துலேர்ந்து உங்களுக்கு மெசேஜ் போட்டுட்டே இருக்கேன். பார்க்கலியா?"

அந்த ஆறு பேரில் இவரும் ஒருவர் என்பது அவளுக்கு நினைவு வந்தது. "பிரிவு விஷயமா இருந்தா, ஒரு வாரம் பொறுத்துக்குங்க, அப்புறம் பேசலாம்..."

"பழைய பேட்டரி நேத்துலேர்ந்து போன் எடுக்கல" என்றார் டயல் டோன். "நாங்க ஆறு பேரும் தனியா இருக்கோம். ஆளுக்கொரு ஊரு. காலைல எழுந்ததும் சோதனைன்னு எழுதினா, உயிரோட இருக்கேன்னு அர்த்தம். மத்தியானத்துக்குள்ள ஒருத்தர் எழுதலேன்னா மத்தவங்க போன் பண்ணுவோம், ஆளை அனுப்புவோம். இப்ப புரியுதா?"

அவள் கையிலிருந்த சரக்கு அட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"நீங்க பிரிவை மூடினதுல அவருக்குத்தான் ரொம்பக் கோவம். நேத்து போன் எடுக்கலேன்னதும், கோவிச்சுட்டு இருக்கார்னு நினைச்சு விட்டுட்டேன். வழக்கம்போல அந்தப் பக்கத்துல அவர் பேர் மட்டும் விட்டுப் போயிருந்தா, நேத்து மத்தியானமே ஆளை அனுப்பியிருப்பேன். இன்னிக்கும் மணி அடிச்சுட்டே இருக்கு. அவர் விலாசம் எங்கிட்ட இருக்கு. நீங்க எந்த ஊருன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். அவர் உங்க ஊர்தான். நீங்கதான் பக்கம். போய்ப் பாருங்க."

விலாசத்தையும் அவர் போன் நம்பரையும் அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெரு. காலையும் மாலையும் அந்த முனையில்தான் அவள் பேருந்து நின்று போகும்.

கிடங்கு மேலாளரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தாள் என்பது அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துதான் கணவருக்குப் போன் செய்தாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை. "கருவிப் பையை எடுத்துட்டு வாங்க" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சாயம் உரிந்த மூன்று மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் அவர் வீடு. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவள் தன் போனிலிருந்து அவர் எண்ணை அழைத்தாள். உள்ளே மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஊருக்குப் போயிருப்பார், நேத்துலேர்ந்தே ஆளைக் காணோமே" என்றார்.

"உள்ளேர்ந்து தாழ் போட்டுட்டு எப்படிங்க ஊருக்குப் போவாரு?" என்று கேட்டபடி கணவர் படியேறி வந்தார். கதவில் காதை வைத்தார். கையைக் காட்டி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். அவளும் கேட்டாள். தரையில் எதையோ தட்டும் சத்தம். ஓய்ந்து ஓய்ந்து, பலமில்லாமல்.

கணவர் வாயைக் கதவிடுக்கில் வைத்து, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே நிதானக் குரலில் பேசினார். "சார், நாங்க வந்துட்டோம். நீங்க எழுந்திருக்க வேண்டாம். கதவுப் பக்கம் வர வேண்டாம். அப்படியே இருங்க. நான் பேசிட்டே இருப்பேன், நீங்க கேட்டுட்டே இருங்க." பேசிக்கொண்டே கதவின் கீல்களைக் கழற்றினார். கழன்ற திருகாணிகளை அவள் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒல்லியான, நெடிய உருவம். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை, அதனால்தான் தட்டியிருக்கிறார். உதடு வெடித்து வெளுத்திருந்தது. மேசை மேல் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவள் போட்ட அறிவிப்பு: நீங்கள் தேடும் பிரிவு இப்போது இல்லை.

அதைப் படித்த பிறகுதான் அவள் குனிந்து, அவர் கையிலிருந்த குவளையை வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கணவரிடம் நீட்டினாள்.

கணவர் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். முதியவர் கண்ணைத் திறந்து, "யாரு நீங்க?" என்றார்.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

"இந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்லியே" என்றார் அவர் மெல்ல.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வழுக்கி விழுந்திருக்கிறார். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் சிறுநீரகம் தாங்கியிருக்காது என்றார் மருத்துவர். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அறுவை சிகிச்சை முடியும்வரை இருவரும் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வாங்கி வந்த டீ ஆடை படர்ந்து ஆறிப்போனது.

"நான் கொன்னிருப்பேங்க" என்றாள்.

"கொல்லல" என்றார் அவர். காகிதக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் முதியவருக்குப் பேசத் தெம்பு வந்தது. அவள் கட்டில் ஓரமாகப் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். "ஐயா, நான்தான் அடுக்கு" என்றதோடு எல்லாம் மறந்துபோனது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னப் பொண்ணா இருக்கியேம்மா. எழுத்தைப் பார்த்து, ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா. ரெண்டு தடவை எழுதினேனே."

"என்னன்னு சொல்றது? ஆறு பேரு நாதியில்லாம கிடக்கோம்னா? உங்கிட்ட மட்டும் சொன்னாலும், காரணம் சொல்றேன்னு நீ மன்றத்துல போட்டுடுவே. அது ஊரே பார்க்குற இடம். தனியா இருக்கேன்னு அங்க எழுதிப் போட்டா திருடனுக்கு வழி சொன்ன மாதிரி. அதுவும் போக..." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "கேக்குறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. அவ்வளவுதான். உன் மேல தப்பு இல்லேன்னு சொல்ல மாட்டேன். யோசிச்சுப் பண்ணுன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"அங்க படுத்துக்கிட்டு உன்னைத் திட்டாத திட்டு இல்ல. திட்டிட்டே இருந்ததுலதான் தூங்காம இருந்தேன்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிரிவை அன்றே திறந்துவிட்டதாகச் சொன்னாள். மேலே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்து, 'தினசரி நலம்' என்று பெயர் மாற்றலாமா என்று கேட்டாள்.

"வேணாம். பேரு வெச்சா ஒருத்தனும் வர மாட்டான். இருந்த மாதிரியே, இருந்த மூலையிலயே போடு. குப்பை மாதிரிதான் தெரியணும்."

அப்படியே செய்தாள். மன்றத்தில் கேட்டவர்களுக்கு, தவறுதலாக மூடப்பட்டது என்று மட்டும் எழுதினாள்.

அவள் எதிர்பாராதது அடுத்த மாதம் நடந்தது. ஆறாக இருந்தது ஒன்பதாயிற்று, பிறகு பதினைந்து. எப்படியோ காதும் காதும் வைத்தாற்போலச் செய்தி பரவியிருந்தது. லேப்டாப் பற்றி யார் கேட்டாலும் முதல் ஆளாக ஓடிவந்து நக்கலடிக்கிற இளைஞன் ஒருவன், வீடு நிறைய ஆட்களோடு இருப்பவன் என்று எல்லாரும் நினைத்திருந்தவன், ஒரு காலையில் 'சோதனை' என்று எழுதினான். அவள் அவனுடைய பழைய பதிவுகளைத் திறந்து மறுபடி படித்தாள். இத்தனை வருடம் இவர்கள் கேள்விகளையும் பதில்களையும் அவள் எழுத்து விடாமல் படித்திருக்கிறாள்.

முதியவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அதே கட்டடத்தில் கீழ்வீடு காலியானதும் அங்கே மாறிக்கொண்டார்; சாமான்களை இறக்கியது அவள் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து, லிஃப்டுக்கு எந்த பேட்டரி தாங்கும் என்று ஓயாமல் வாதாடுவார்கள். அவளும் போவாள். அது வேறு வீடு என்றாலும், குளியலறை வாசலை ஒரு தடவை பார்க்காமல் அவளால் திரும்ப முடிவதில்லை.

ஒரு நாள் கேட்டாள்: "டயல் டோன் அக்கா இன்னும் எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க, ஐயா. மெசேஜ் போட்டா பார்க்குறாங்க, பதில் இல்ல."

"பேச மாட்டா" என்றார் அவர், காலை நீட்டி வைத்துக்கொண்டே. "அவ பயந்துட்டா. பயம் தெளியறவரைக்கும் கோவமாத்தான் இருப்பா. எங்கிட்டயும்தான் கோவம், ஏன் போன் எடுக்கலேன்னு."

"நீங்கதான் விழுந்து கிடந்தீங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். "கேக்க மாட்டேங்கறா."