நவம்பர் இதழில் கல்லறை இல்லை

காமிக்ஸ் அலுவலகத்தில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவள் நான். செத்தவர்கள் எழுந்து வருவது எங்கள் தொழிலில் சகஜம். பிடித்த தொடரைத் திடீரென்று முதலிலிருந்து தொடங்கிவிட்டார்களே என்று நீங்களும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தவர் என்றால், இதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

மறுபடியும் ஒன்று

எங்கள் 'சாம்பல் சிறகன்' இருநூறு இதழ்களைத் தாண்டியிருந்தான். இவ்வளவு பழங்கதையைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுகிறார்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம் என்றார் ஆசிரியர். அவன் மனைவி மல்லிகா இறந்ததுகூட நடக்காததாகிவிடும். ஒவ்வொரு நவம்பரிலும் அவன் அவள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் பக்கமும் இனி வராது.

அந்தப் பக்கத்துக்காகவே சந்தா கட்டுகிறவர் திருமுல்லைவாயில் சேவியர் சார். மனைவி ரெஜினா போன பிறகு, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று இதழையும் கையோடு எடுத்துப்போய், ரெஜினாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வருவார். மறுநாள் எனக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஆசிரியர் இதைச் சொன்ன கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பேச்சு அட்டைப்படத்துக்குப் போய்விட்டது. ஓவியர் கதிர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னா மேடம், பழைய புக்கை எவனும் கொளுத்தலயே. அலமாரில அப்டியேதான கீது."

வானகரம் வாசகி

புதிய முதல் இதழை அலுவலகத்துக்கே வந்து வாங்கியவர், வானகரத்தில் அடுக்ககத்தில் குடியிருக்கும் ஓர் ஐ.டி. அம்மா. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் நின்ற இடத்திலேயே பாதியை முடித்துவிட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "முன்னாடி நடந்தது எதுவும் தெரிய வேண்டாம்ல? அப்பாடா!" என்றார் அம்மா.

பூந்தமல்லியிலிருந்து போன்

பேசியவர் பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். போனில் எனக்குப் பேச வராது. அவரே பேசியதால் பிழைத்தேன். "ஸ்கூல் படிக்க சொல்லோ புட்ச்சி அவன்கூட வந்துகினு கீறேன். இப்ப இன்னாடான்னா, நீ யாருன்னே தெரியாதுன்றான். நல்லா கீதும்மா உங்க நாயம்!"

நல்ல செய்தி

அக்டோபரில் சேவியர் சார் கேட்டு எழுதியிருந்தார்: நவம்பர் இதழ் கல்லறைத் திருநாளுக்கு முன்பே கிடைத்துவிடுமா? அந்தப் பக்கம் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, என் வாழ்க்கையிலேயே மோசமான கடிதத்தை எழுதினேன்: 'ஒரு நல்ல செய்தி சார். மல்லிகா சாகவே இல்லை.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு வரைந்தேன்.

திருநாளுக்கு மறுநாள் அவரே வந்தார். சட்டைக் கையில் மெழுகு சொட்டிய தடம். புதிய இதழை மடிப்புக் கலையாமல் என் மேசையில் வைத்தார். திட்டவில்லை. "அவன் பொண்டாட்டி சாகவே இல்லன்னு எழுதியிருக்கியேம்மா. அப்போ இத்தனை வருஷம் என்கூட உக்காந்து அழுதது யாரு?"

செத்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டோம், சேவியர் சாரின் சந்தா ஒன்றைத்தான் எங்களால் எழுப்ப முடியவில்லை.