கப்பல் முட்டையும் பள்ளிக்கூடத்து முட்டையும்

அந்தத் தட்டு இப்போதும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டு. நடுவில் சாம்பார் சாதம், ஓரத்தில் தோலுரித்த முட்டை. தட்டைத் தரையில் வைத்ததும் முட்டை விளிம்போரமாகவே உருண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றது. அவ்வளவு சின்னது. தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் முதலாளி. சேந்தமங்கலம் சாலையில் பெரிய கோழிப்பண்ணைக்குச் சொந்தக்காரர். நான் அவருடைய முட்டைக் கிடங்கில் சூப்பர்வைசர். சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவு டீச்சர். பாடம் நடத்துகிறவர் அல்ல, மதிய உணவுக்குப் பொறுப்பான அமைப்பாளர். ஆனால் ஊரில் யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

முதலாளிக்கு உலக வியாபாரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம். நாமக்கல் முட்டை கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. எல்லையைத் திறந்துவிட்டால் கெட்டிக்காரன் பிழைத்துக்கொள்வான், அரசாங்கம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்பார். அதே மனிதர், வெளிநாட்டுக் கோழிக்கால் மலிவாக உள்ளே வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியதும் கறுப்புக்கொடி பிடித்து ஊர்வலம் போனார். முட்டை வெளியே போகலாம், கோழிக்கால் மட்டும் உள்ளே வரக்கூடாது! சொல்லிக்காட்டினால் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏழைகளுக்கு அரசாங்கம் செய்கிற எதுவும் அவருக்கு ஆகாது. நூறு நாள் வேலை வந்த பிறகு கூண்டு கழுவ ஆள் கிடைப்பதில்லை, சும்மா கொடுத்துக் கொடுத்தே சனங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். அவர் ஷெட்டில் வேலை பார்த்த பெண்களின் பிள்ளைகள் சத்துணவுதான் சாப்பிட்டார்கள். என் மகளும் அங்கேதான் படித்தாள்.

வெளிநாட்டுக்காரன் இன்ன எடைக்குக் குறையக்கூடாது என்று அளவு சொல்லி முட்டை கேட்டான். பெரிய முட்டையெல்லாம் கப்பலுக்கு என்று ஒதுங்கியது. முட்டையிடப் பழகும் இளங்கோழிகளின் சின்ன முட்டைகளைப் பள்ளிகளுக்குச் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் அள்ளிக்கொண்டு போனார். எண்ணிக்கை சரியாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. நான் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். காண்ட்ராக்டர் கேட்டதைக் கொடுக்கிறோம், அதற்கு மேல் நமக்கென்ன என்று முடித்துவிட்டார். வீட்டில் என் மகள் ஒரு நாள், "அப்பா, இப்பல்லாம் முட்டை ஒரே வாயில முடிஞ்சு போயிருது" என்றாள்.

டீச்சர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவர் அதட்டினால் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்கு வெளியே நிற்கிற ஆடு கூடத் திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் முட்டை வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் வெறும் சோறு சாப்பிட்டார்கள். சாயங்காலம் தாய்மார்கள் திரண்டு வந்து, சின்னதோ பெரியதோ கிடைத்ததையும் கெடுத்துவிட்டீர்களே என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் என்னிடம், "அவங்க சொல்றதும் நாயந்தானுங் சாமி. புள்ளைங்க வயித்த வெச்சு நான் சண்ட போடக்கூடாது" என்றார். முதலாளியோடு நேராக மோதினால் அந்தத் தாய்மார்களின் ஷெட்டு வேலைக்கே வினை வந்துவிடும் என்கிற பயமும் அவருக்கு இருந்தது. அதன் பிறகு அவர் முட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டுவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் பள்ளியில் புதுச் சமையல்கூடம் கட்டி முடித்தார்கள். செலவில் பாதி முதலாளியுடையது. அதில் மட்டும் அவர் கை தாராளம். பள்ளிக்கூடம், கோயில் என்றால் யோசிக்கமாட்டார். திறந்து வைக்க அவரையே கூப்பிட்டார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் ஆனது. உலகமே இனி நம்ம சந்தை என்று நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்து, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகக் காரை நோக்கி நடந்தவரை டீச்சர் மறித்தார். அந்தப் பள்ளியில் முன்பிருந்தே ஒரு வழக்கம் உண்டு. பார்வையிட வருகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, அதே தட்டில், அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பெரிய அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். ஊரே நின்றுகொண்டிருந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முட்டை உருண்டது அப்போதுதான். அதை விரல்களில் எடுத்து, நிமிர்ந்து, மலர்ந்த முகத்தோடு கேட்டார்:

"ஏனுங் அம்மணி, இன்னைக்குக் காடை முட்டையாட்ட இருக்குது?"

"இல்லீங்க. உங்க பண்ணை முட்டைதானுங்க."

வாளியைக் கீழே வைக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னார் டீச்சர். முதலாளி முட்டையைப் பார்த்தார். பக்கத்தில் என் மகள், கடைசியில் சாப்பிடலாம் என்று தன் முட்டையைச் சோற்றுக்குள் பத்திரமாகப் புதைத்து வைத்திருந்ததைப் பார்த்தார். "கப்பல்காரன் அளவு சொல்லிக் கேக்கறானுங்க. கேக்கறவனுக்குத்தான அளவு" என்றார். குரலில் சுருதி இல்லை.

"இங்கயும் கேக்க ஆளு இருக்குதுங்க. நான் கேக்கறனுங்க."

முதலாளி தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கிடங்குக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற முட்டை அட்டைகளை முதலில் அடுக்கு, கப்பலுக்கு எடுக்கிற அதே முட்டையில் அடுக்கு, மிச்சம் கப்பலுக்குப் போகட்டும் என்றார். பெரிய முட்டைக்கு விலை கூடுமே என்று காண்ட்ராக்டர் வந்து குதித்தார். வேண்டுமானால் நீ வேறு பண்ணை பார்த்துக்கொள், ஆனால் எந்தப் பள்ளிக்கு என்ன முட்டை போகிறது என்று நானே போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பேன் என்றார் முதலாளி. காண்ட்ராக்டர் அடங்கிவிட்டார்.

பிறகு ஒரு வருஷம், எங்கேயோ கோழிகளுக்கு நோய் என்று துறைமுகங்கள் கதவைச் சாத்தின. கிடங்கில் அட்டைகள் கூரையைத் தொட்டன. சுற்றுவட்டாரத்தில் பலர் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். எங்கள் ஷெட்டு மூடப்படவில்லை. பள்ளிக்கூடத்து லோடு தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கு வேலையும் இருந்தது. சும்மா கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சை முதலாளி வாயிலிருந்து அதன் பிறகு நான் கேட்கவில்லை. கோழிக்கால் மட்டும் உள்ளே வரக்கூடாது என்பதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். முதலாளிக்கும் கையில் தடி வந்துவிட்டது. போன மாதம் வளைகுடாவிலிருந்து முட்டை வாங்குகிற வியாபாரி ஒருவர் பண்ணையைப் பார்க்க வந்தார். முதலாளி அவரை முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். டீச்சருக்கும் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார். அந்த மனிதர் பாவம், பேண்ட்டோடு சம்மணம் போட முடியாமல் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. முதலாளி தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தார். முட்டை வைத்த இடத்திலேயே கனமாக உட்கார்ந்திருந்தது. வியாபாரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏற்றுமதிக்கென்று தனியாகப் பொறுக்கியதா என்று மொழிபெயர்க்கக் கூட வந்த பையன் மூலம் கேட்டார். முதலாளி ஒரு கணம் டீச்சரைப் பார்த்தார்.

"இல்லீங்க. இது எங்க பள்ளிக்கூடத்து முட்டைங்க. உங்களுக்கும் இதையேதான் அனுப்பறோம்."